விமான நிலைய வாசலில் இரண்டு ரயில்கள்: சென்னையில் இறங்குவோர் கவனத்துக்கு

வெளிநாட்டிலிருந்து சென்னையில் இறங்கி, திருச்சி, மதுரை, திருநெல்வேலி என்று சொந்த ஊருக்குப் போகிறவர்கள், எப்படியாவது நகருக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்றே முதலில் நினைக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நானும் இரண்டு பெரிய பெட்டிகளோடு வாடகைக் காரில் ஏறி, மாலை நெரிசலில் ஊர்ந்து எழும்பூர் போய், மதுரை வண்டியைப் பிடித்தேன். வண்டி கிளம்பிச் சிறிது நேரத்தில் சன்னலுக்கு வெளியே கடந்துபோனது, நான் புறப்பட்டு வந்த அதே விமான நிலையம். அதைத் தாண்டி வண்டி நின்ற இடம் தாம்பரம். அங்கே நிதானமாக ஏறிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தபோதுதான் என் அறியாமை எனக்கு விளங்கியது.

சென்னை விமான நிலையத்துக்கு ரயில் தொடர்பு இரண்டு உண்டு. பழையது, ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கும் திரிசூலம் நிலையம். கடற்கரை – தாம்பரம் – செங்கல்பட்டு மின்சார ரயில்கள் இங்கே நிற்கும். புதியது, விமான நிலைய வளாகத்துக்குள்ளேயே இருக்கும் மெட்ரோ. சென்னையில் மெட்ரோ 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு – ஆலந்தூர் இடையே தொடங்கியது. விமான நிலையத்துக்கு 2016 செப்டம்பர் 21 அன்று வந்தது. ஆனால் அப்போது அது சின்னமலையோடு நின்றுவிட்டது. அண்ணா சாலையின் அடியில் சுரங்கப் பணி முடிந்து, 2019 பிப்ரவரி 10 அன்று தேனாம்பேட்டை டி.எம்.எஸ். – வண்ணாரப்பேட்டைப் பகுதி திறக்கப்பட்ட பிறகே, நீல வழித்தடத்தில் விமான நிலையத்திலிருந்து சென்ட்ரலுக்கு வண்டி மாறாமல் போக முடிந்தது. அதற்கு முன் கடைசியாக ஊர் வந்துபோனவர்கள் மெட்ரோவைக் கணக்கிலேயே எடுப்பதில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன்.

ஆகவே விமானம் ஏறும் முன்பே, அடுத்து ஏற வேண்டிய வண்டி எந்த நிலையத்தில் நிற்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. கோவை, ஈரோடு, சேலம் பக்கம் போகிறவர்கள் மெட்ரோவில் சென்ட்ரல் போகலாம். மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணமே 50 ரூபாய்தான், மின்தூக்கிகளும் உண்டு. வடபழனி, கோயம்பேடு, அண்ணா நகர்ப் பக்கம் உறவினர் வீடு இருந்தால் ஆலந்தூரில் பச்சை வழித்தடத்துக்கு மாற வேண்டும். தென்மாவட்ட ரயில்களில் பெரும்பாலானவை தாம்பரத்தில் நிற்கும் என்பதால், அவற்றில் போகிறவர்களுக்கு எழும்பூர் தேவையில்லாத சுற்று. திரிசூலத்திலிருந்து பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம் தாண்டினால் தாம்பரம். முன்பதிவு செய்யும்போதே ஏறும் இடத்தைத் தாம்பரம் என்று குறிப்பிட்டுவிடுங்கள்.

திரிசூலத்தில் ஒரு சிறு சங்கடம் உண்டு. நாணயம் மாற்றும் இடத்தில் கைக்குக் கிடைப்பவை 500 ரூபாய்த் தாள்கள். மின்சார ரயில் டிக்கெட்டோ சாதாரண வகுப்பில் 5 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. அந்தத் தாளை நீட்டினால், டிக்கெட் கொடுப்பவர் முதலில் தாளையும், பிறகு உங்கள் பெட்டிகளையும், கடைசியாக உங்களையும் பார்ப்பார். விமான நிலையத்திலேயே ஒரு காபி வாங்கிச் சில்லறை மாற்றிக்கொள்ளுங்கள்; காபியின் விலையில் தாம்பரத்துக்குப் பலமுறை போய்வரலாம் என்பது வேறு விஷயம். 2025 ஏப்ரலில் இந்தப் பாதையில் தொடங்கிய குளிர்சாதன மின்சார ரயிலும் திரிசூலத்தில் நிற்கிறது. அதில் குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். ஆனால் ஒரு நாளில் சில நடைகள்தான். காலையிலும் மாலையிலும் அலுவலக நேரத்தில் மின்சார ரயிலில் நிற்க இடம் கிடைப்பதே அரிது. அப்போது பெரிய பெட்டிகளோடு ஏற முயல வேண்டாம்.

இந்த ஏற்பாட்டின் பெரிய குறை, நேரம். மெட்ரோ ஏறத்தாழ காலை 5 மணி முதல் இரவு 11 மணி வரை ஓடுகிறது. வெளிநாட்டு விமானங்களோ பல, நள்ளிரவுக்குப் பிறகே தரையிறங்குகின்றன. மூன்று மணிக்கு இறங்கி, குடியேற்றச் சோதனையும் பெட்டிகளும் முடிய நாலேகால் ஆகிவிட்டால், குழந்தைகளோ முதியவர்களோ உடன் இல்லாதவர்கள் முதல் வண்டிக்குக் காத்திருக்கலாம். மற்றவர்களுக்கு, முன்பணம் செலுத்தும் டாக்ஸிதான் புத்திசாலித்தனம்.

பேருந்தில் போகிறவர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது. 2023 டிசம்பர் 30 அன்று தாம்பரத்துக்கு அப்பாலுள்ள கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பின், தென்மாவட்ட அரசுப் பேருந்துகள் அங்கிருந்தே புறப்படுகின்றன. பழைய நினைவில் கோயம்பேடு பேருந்து நிலையத்துக்குப் போனால் எதிர்த்திசையில் போய்விட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை மெட்ரோவை 15.46 கிலோமீட்டர் நீட்டும் திட்டம் இருக்கிறது. அது வரும்வரை மாநகரப் பேருந்திலோ காரிலோ போகலாம்.

ஊரிலிருந்து திரும்பும் பயணத்துக்கு மெட்ரோ இன்னும் பொருத்தமானது. கிண்டி, கத்திப்பாரா நெரிசல் அதைத் தொடுவதில்லை. எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர்வோம் என்று நம்பிச் சொல்லலாம். அதிகாலை 2 மணி விமானத்துக்கு இரவு 10 மணிக்கே வந்துவிடலாம். வழியனுப்ப வந்தவர்களை மட்டும் கடைசி மெட்ரோவுக்கு முன்பே அனுப்பிவைத்துவிடுங்கள். நீங்கள் உள்ளே போன பிறகும் கண்ணாடிக்கு வெளியே நின்று கையசைத்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தான்.