மூத்தோர் காப்புறுதி: சந்தாவைக் குறைக்கப் போய்ச் செய்யும் தவறுகள்

அத்தைக்கு எழுபத்து நான்கு வயது. சிங்கப்பூரின் தோ பாயோவில் மூவறை வீட்டில் தனியாக இருக்கிறார். மருத்துவக் காப்புறுதிச் சந்தா கூடியிருப்பதாக வந்த கடிதத்தை நான்காக மடித்து, மருந்துப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தார். நான் போனதும் எடுத்து நீட்டினார். "இதை நிறுத்திவிட்டால் எனக்கு ஒன்றுமே இருக்காதாப்பா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு யாரும் அவருக்குச் சரியான பதில் சொன்னதில்லை. அந்தப் பயத்தில்தான் பல ஆண்டுகளாக மறுபேச்சில்லாமல் கட்டிக்கொண்டிருந்தார்.

அதனால் முதலில் அந்தப் பதிலைச் சொல்லிவிடுகிறேன். மெடிஷீல்டு லைஃப் என்ற அரசாங்கத்தின் அடிப்படை மருத்துவக் காப்புறுதி 2015 நவம்பரில் தொடங்கியது. சிங்கப்பூர்க் குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லாருக்கும் அது வாழ்நாள் முழுவதும் உண்டு. ஏற்கெனவே சர்க்கரை, இதய நோய் இருந்தாலும் உண்டு. தனியார் நிறுவனத்தின் ஒருங்கிணைந்த திட்டம் என்பது இதன்மேல் கட்டிய மாடி. மாடியை இறக்கினாலும் தரைத்தளம் அப்படியே நிற்கும். இது தெரியாமல் சிலர் பயந்து கட்டுகிறார்கள். இன்னும் சிலர் ஆத்திரத்தில் மாடியை ஒரே நாளில் இடித்துவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள்.

அத்தையின் கடிதத்தில் மூன்று தொகைகள் இருந்தன: மெடிஷீல்டு லைஃப், தனியார் பகுதி, ரைடர் (பில்லில் நம் பங்கைக் குறைக்க எடுக்கும் துணைக் காப்புறுதி). அவர் பார்த்தது கடைசி வரியில் இருந்த கூட்டுத்தொகையை மட்டும். சந்தாவைக் குறைக்க நினைப்பவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். மூன்றும் மூன்று விதமாகக் கட்டப்படுகின்றன. மெடிஷீல்டு லைஃப் சந்தாவை முழுவதும் மெடிசேவிலிருந்து, அதாவது மத்திய சேமநிதியில் மருத்துவத்துக்கென உள்ள நம் சேமிப்பிலிருந்து, கட்டலாம். தனியார் பகுதிக்கு மெடிசேவிலிருந்து எடுக்க ஆண்டு வரம்பு உண்டு: அடுத்த பிறந்தநாளில் 41 முதல் 70 வயது ஆகிறவர்களுக்கு 600 வெள்ளி, 71 அல்லது அதற்கு மேல் ஆகிறவர்களுக்கு 900 வெள்ளி. மிச்சம் ரொக்கம். ரைடர் முழுவதும் ரொக்கம். தனியார் பகுதிக்கு ஆண்டுக்கு 2,400 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், 900 போக 1,500 வெள்ளி கைக்காசு. மாதக் கணக்கில் 125 வெள்ளி. ரைடர் சந்தா அதற்கும் மேலே. மாதச் செலவு குறைய வேண்டுமென்றால் கைவைக்க வேண்டியது இந்த ரொக்கப் பகுதியில்தான்.

அரசாங்கக் கழிவு மெடிஷீல்டு லைஃப் பகுதிக்குத்தான் கிடைக்கும். 1949ஆம் ஆண்டு முடிவதற்குள் பிறந்த முன்னோடித் தலைமுறையினருக்கு 40 முதல் 60 விழுக்காடு. ஐம்பதுகளில் பிறந்த மெர்டேக்கா தலைமுறையினருக்குக் கூடுதலாக 5 விழுக்காடு. 75 வயதுக்குப் பிறகு அது 10 விழுக்காடு. "எனக்குத்தான் முன்னோடி அட்டை இருக்கிறதே, தனியார் சந்தாவும் குறையும்" என்று நம்பி உயர்ந்த திட்டத்தை வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது குறையாது.

அத்தையிடம் நான் கேட்ட அடுத்த கேள்வி: "உடம்புக்கு முடியாமல் போனால் எங்கே போவீர்கள்?" கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. டான் டோக் செங் மருத்துவமனைதான் என்றார். எந்த வார்டு? "நாலு பேர் பேச்சுத்துணைக்கு இருக்கிற வார்டு போதும். தனி அறையில் படுத்தால் பயமாக இருக்கும்." ஆனால் அவர் கட்டிக்கொண்டிருந்தது தனியார் மருத்துவமனைக்கான திட்டம். ஐம்பது வயதில், வேலையில் இருந்தபோது, ஒரு முகவர் சொல்லி வாங்கியது. அதன் பிறகு யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. படுக்கப்போகும் வார்டு ஒன்று, பணம் கட்டும் வார்டு வேறொன்று. என்னைக் கேட்டால், மூத்தோர் வீடுகளில் வீணாகும் பணத்தில் பெரும்பங்கு இங்கேதான் போகிறது.

மெடிஷீல்டு லைஃப் அரசாங்க மருத்துவமனைகளின் பி2, சி வார்டுக் கட்டணங்களை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. அந்த வார்டுகளில் குடிமக்களுக்குக் கழிவும் கணிசமாகக் கிடைக்கும். அவற்றுக்கு ஒரு படி மேலான, நான்கு படுக்கைகள் கொண்ட பி1 வார்டு வேண்டுவோருக்கு 2016 மே முதல் ஸ்டாண்டர்ட் திட்டம் இருக்கிறது. எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் அதன் பலன்கள் ஒன்றே, சந்தாதான் வேறுபடும். இவ்வளவு எளிதாக ஒப்பிடக்கூடிய திட்டத்தை முகவர்கள் தாமாக எடுத்துச் சொல்வது அரிது. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ரைடர் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. தனியார் மருத்துவமனைத் திட்டத்தில் ஒருவருக்கு 20,000 வெள்ளி பில் வந்து, முழுத் தொகையும் ஈட்டுக்கு உட்பட்டது என்று கொள்வோம். முதல் 3,500 வெள்ளியை அவரே கட்ட வேண்டும். மிச்சமுள்ள 16,500இல் பத்து விழுக்காடு, அதாவது 1,650 வெள்ளியையும் அவரே கட்ட வேண்டும். ஆக 5,150. எண்பது வயதைத் தாண்டினால் பல திட்டங்களில் அந்த முதல் தொகை இன்னும் கூடும். இந்தச் சுமையைக் குறைக்கத்தான் ரைடர். ஆனால் 2026 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் புதிய ரைடர்கள் அந்தக் குறைந்தபட்ச முதல் தொகையை ஏற்க முடியாது. அந்த முதல் தொகை போக, ஆண்டுக்கு நாம் பங்காகக் கட்டும் தொகையின் உச்சவரம்பும் உயர்ந்துவிட்டது: முன்பு குறைந்தபட்சம் 3,000 வெள்ளி, இப்போது குறைந்தபட்சம் 6,000 வெள்ளி. அதற்கேற்பச் சந்தாவும் குறைவு. பழைய ரைடர் வைத்திருப்பவர் அதை விட்டால் அதே மாதிரியான ஒன்றைத் திரும்ப வாங்க முடியாது என்பதை அறிந்து முடிவெடுக்க வேண்டும். அரசாங்க மருத்துவமனையின் கழிவுள்ள வார்டுக்கு மட்டுமே போகிறவர், எழுபத்தைந்து வயதில் ரைடருக்கு ஆயிரக்கணக்கில் ரொக்கம் கட்டுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. அந்தப் பணத்தைத் தனியே ஒரு கணக்கில் ஒதுக்கி வைப்பதே மேல்.

இனி, எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு: வேறு நிறுவனத்தில் சந்தா குறைவு என்று கேள்விப்பட்டதும் மாறிவிடுவது. இந்த வயதில் புதிய நிறுவனம் உடல்நிலையைத் துருவித் துருவிக் கேட்கும். சர்க்கரைக்கு மாத்திரை, பத்து ஆண்டுகளுக்கு முன் கண்புரைச் சிகிச்சை, ஒருமுறை வந்துபோன நெஞ்சுவலி எல்லாவற்றையும் எழுத வேண்டும். ஒன்றை மறைத்தாலும் பில் வரும் நாளில் அது வெளியே வரும், ஈடு கிடைக்காது. உண்மையைச் சொன்னால் அந்த நோய்களை விலக்கிவிட்டுத்தான் தனியார் பகுதியைத் தருவார்கள், அல்லது மறுத்துவிடுவார்கள். ஒருவர் ஒரே நேரத்தில் ஒரு ஒருங்கிணைந்த திட்டம்தான் வைத்திருக்க முடியும். புதியது தொடங்கினால் பழையது தானாக முடிந்துவிடும். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாக ஆகிவிடக் கூடாது. புதிய நிறுவனத்தின் முடிவு, எந்த நோய்களுக்கு ஈடு இல்லை என்ற பட்டியலோடு, எழுத்தில் கைக்கு வரும்வரை பழையதைத் தொடாதீர்கள்.

அதே நிறுவனத்துக்குள் ஒரு படி இறங்குவது பெரும்பாலும் சுலபம், புதிதாக உடல்நிலை விவரம் கேட்பதில்லை. ஏறுவதுதான் கடினம். ஆகவே இறங்குவதற்கு முன் பிள்ளைகளோடு ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். அவர்களுடைய மெடிசேவிலிருந்தும் பெற்றோரின் சந்தாவைக் கட்டலாம்.

இந்தியாவிலிருந்து நீண்டகால வருகை அனுமதியில் வந்து தங்கும் பெற்றோருக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அவர்களுக்கு மெடிஷீல்டு லைஃப் இல்லை, கழிவும் இல்லை. அவர்கள் வருவதற்கு முன்பே தனிக் காப்புறுதி எடுத்துவிட வேண்டும்.

அத்தை அதே நிறுவனத்தில் பி1 வார்டுக்கான திட்டத்துக்கு இறங்கினார், ரைடரை விட்டார். படிவத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரிவரியாக வாசித்தார். "புதுப்பிக்கும் நாள்" என்ற இடத்தில் விரலை வைத்து, எழுந்து போய் அடுப்படியில் தொங்கும் நாள்காட்டியில் அந்தத் தேதியைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டார். "அடுத்த வருஷமும் வந்து உட்கார்ந்து பார்" என்றார். போவேன்.