மேற்படிப்புக் கடிதங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர்ப் பகுதி மாணவர்களின் மேற்படிப்பு விண்ணப்பங்களைப் பல ஆண்டுகளாகப் படித்துத் திருத்தித் தருகிறேன். எழுத்துப்பிழை, விடுபட்ட தேதி போன்றவற்றை அவர்களே கண்டுகொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பரிந்துரைக் கடிதத்தை மாணவரே எழுதுவது

ஒவ்வோர் ஆண்டும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். கடிதம் கேட்டுப் போனால், "நீயே எழுதிக்கொண்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்கிறார் பேராசிரியர். இவர்களும் இரவோடு இரவாக எழுதிவிடுகிறார்கள். எண்ணூர் மாணவி ஒருவர் காட்டிய இரண்டு பேராசிரியர்களின் கடிதங்களிலும் "கடின உழைப்பாளி, எந்த நிறுவனத்துக்கும் பெருமை சேர்ப்பார்" என்ற ஒரே வாக்கியம் இருந்தது. அந்தப் படிப்பை ஏன் விரும்புகிறார் என்று அவரே எழுதிய நோக்க உரையும் அதே நடை. இவற்றை வரிசையாகப் படிக்கும் தேர்வுக்குழுவுக்கு, மூன்றும் ஒரே கை எழுதியவை என்ற ஐயம் எழாமல் இருக்காது.

இத்தனைக்கும் அந்த இருவரில் ஒரு பேராசிரியரிடம் சொல்ல நல்ல செய்தி இருந்தது. கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் நீரின் உப்புத்தன்மையை அளந்த அந்த மாணவி, கடல் ஏற்றமா வற்றமா என்று குறிக்காமல் எடுத்த அளவுகளைத் தாமாகவே ஒதுக்கிவிட்டு, நேரம் குறித்து மீண்டும் மாதிரி எடுத்திருக்கிறார். ஆசிரியர் நேரில் கண்ட இந்த ஒரு செயல் ஒரு பக்கப் புகழுரையைவிட எடை மிக்கது. ஆனால் தம்மைப் பற்றித் தாமே எழுத நேர்ந்ததால், கூச்சத்தில் அதை அவர் விட்டுவிட்டார்.

"ஐயா, தாங்கள் எழுதினால்தான் மதிப்பு, குறிப்புகளை நான் தருகிறேன்" என்று பணிவாகச் சொல்லுங்கள், அது மரியாதைக் குறைவு ஆகாது. அவரிடம் எந்தப் பருவத்தில் எந்தத் தாள் படித்தீர்கள், என்ன ஆய்வு செய்தீர்கள், எதற்கு விண்ணப்பிக்கிறீர்கள், கடைசி நாள் எது என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, நான்கு வாரங்களுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். பல பல்கலைக்கழகங்கள் பரிந்துரைப்பவரின் மின்னஞ்சலுக்கே இணைப்பை அனுப்புகின்றன. ஆசிரியர் பெயரில் நீங்களே ஜிமெயில் கணக்குத் தொடங்கி அதை நிரப்புவது மோசடி. கிடைத்த இடமும் அதனால் பறிபோகலாம். அமெரிக்க விண்ணப்பங்களில், 1974ஆம் ஆண்டின் கல்விப் பதிவுச் சட்டத்தையொட்டி, கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று கேட்பார்கள். விட்டுக்கொடுப்பதே நல்லது, அப்போதுதான் ஆசிரியர் மனம் திறந்து எழுதியதாகக் கொள்வார்கள்.

நோக்க உரையின் முதல் வரி

"சிறு வயது முதலே" என்று தொடங்க வேண்டாம்.

பழைய மாதிரிகள்

சீனியர் தந்த மாதிரியை நம்பாதீர்கள். பிரிட்டனில் இளநிலைப் படிப்புக்கு, பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான பொது அமைப்பான யூகாஸ் வழியாகச் செய்யும் விண்ணப்பத்தில், 2026 சேர்க்கை முதல் ஒரே கட்டுரைக்குப் பதிலாக மூன்று கேள்விகள் வந்துவிட்டன. இடைவெளி உட்பட மொத்தம் 4,000 எழுத்துக்குறிகள், ஒவ்வொரு விடைக்கும் குறைந்தது 350.

முதல்வருக்கு எழுதும் கடிதம்

பொருள் வரியில் "சான்றிதழ் வேண்டி" என்று மட்டும் எழுதினால், போனஃபைடு சான்றிதழா மாற்றுச் சான்றிதழா என்று அலுவலகத்தாருக்குத் தெரியாது. சான்றிதழின் பெயர், பதிவெண், படித்த ஆண்டுகள், எதற்காகத் தேவை என்பவை கடிதத்தின் தொடக்கத்திலேயே வர வேண்டும்.