ஓட்டக் கடிகாரத்தின் ஜிபிஎஸ் கணக்கு பிசகுவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜிபிஎஸ் கடிகாரம் கட்டி ஓடுவோர் அதிகம் செய்யும் தவறு, அது ஆயத்தமாகும் முன்பே ஓடத் தொடங்கிவிடுவதுதான். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சிக்னல் கிடைத்தால்தான் கடிகாரத்தால் தன் இடத்தைக் கணக்கிட முடியும். அவை வானில் எங்கே இருக்கின்றன என்ற சுற்றுப்பாதைத் தகவலும் அதனிடம் இருக்க வேண்டும். கைபேசியுடன் இணைக்கும்போது இத்தகவலை அடுத்த சில நாள்களுக்கான முன்கணிப்பாகப் பல கடிகாரங்கள் மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்கின்றன. பல வாரங்களாக இணைக்கப்படாத கடிகாரமோ அதைச் செயற்கைக்கோள்களிடமிருந்தே நேரடியாகப் பெற வேண்டியிருப்பதால் தாமதமாகிறது. திரையில் ‘தயார்’ என்று வந்த பிறகும் திறந்த வெளியில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் புறப்பட்டால், பாதையின் தொடக்கம் கோணல்மாணலாகப் பதிவாவது பெரும்பாலும் குறையும்.

உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே சிக்கல் வேறு. சிக்னல் ஒளியின் வேகத்தில் வருவதால், ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்கு தாமதித்தாலே தூரக் கணக்கு 30 மீட்டர் பிசகும். சுவரில் பட்டுத் தெறித்த சிக்னலை நேராக வந்ததாகக் கடிகாரம் எடுத்துக்கொண்டால், நீங்கள் ஏதோ ஒரு கட்டடத்துக்குள் புகுந்து ஓடியதாக வரைபடத்தில் கோடு விழும். 1575.42 மெகாஹெர்ட்ஸ், 1176.45 மெகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளையும் பெறும் கடிகாரங்கள் நேராக வந்த சிக்னலையும் தெறித்து வந்ததையும் பிரித்தறிவதில் தேர்ந்தவை. அத்தகைய கடிகாரத்தை வாங்கிய பின்னும் பேட்டரி நீடிக்கட்டும் என்று சேமிப்பு முறையிலேயே விட்டுவைப்பவர்கள் உண்டு. பணம் கொடுத்து வாங்கியதே அந்த வசதிக்காகத்தான் என்பது அவர்களுக்கு மறந்துவிடுகிறது போலும். சேமிப்பு முறையில் இடப்புள்ளிகள் தள்ளித் தள்ளிப் பதிவாவதால் வளைவுகள் வெட்டப்பட்டுத் தூரம் சுருங்கக்கூடும். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு அந்தச் சிக்கனம் தேவையில்லை.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, திரையில் நொடிக்கு நொடி மாறும் பேஸ் (ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஆகும் நேரம்) எண்ணைத் துரத்துவது. கிலோமீட்டருக்கு 5 நிமிடம் என்ற பேஸில் ஓடுபவர் ஒரு நொடியில் கடப்பது 3.33 மீட்டர்தான், இடக்கணிப்பில் வரும் சாதாரணப் பிழையே அதைவிடப் பெரிதாக இருக்கலாம். சிக்னலின் டாப்ளர் மாற்றத்தையும் (இயக்கத்தால் அதன் அதிர்வெண்ணில் வரும் மாற்றம்) கையசைவை உணரும் முடுக்கமானியையும் துணைக்கு வைத்துக்கொண்டு, பல நொடிகளின் சராசரியை எடுத்துத்தான் கடிகாரம் ஓரளவு நிதானமான எண்ணைக் காட்டுகிறது. அதனால் அந்த எண் எப்போதும் சற்றுப் பிந்தியே வருகிறது. 5:30 என்று கண்டு வேகத்தைக் கூட்டுபவர், சிறிது நேரத்தில் 4:40 என்று கண்டு குறைக்கிறார். சீராக ஓடிக்கொண்டிருந்தவரின் ஓட்டம் கடிகாரத்தாலேயே கெடுகிறது.

தூரம் கூடக்கூட இப்பிழை கரைந்துவிடும். கிலோமீட்டருக்கு 5 நிமிட வேகத்தில் ஓடும் ஒருவருக்கு 1 கிலோமீட்டரில் 10 மீட்டர் கூடுதலாகப் பதிவானால் பேஸ் 4:57 என்று வரும்; 200 மீட்டரில் அதே 10 மீட்டர் கூடினால் 4:46 என்று வரும். ஆகவே திரையில் நடப்பு லேப்பின் (கடிகாரம் தனித்தனியாகப் பிரித்துப் பதியும் ஓட்டப் பகுதி) சராசரிப் பேஸை வைத்துக்கொள்வதும், குறுகிய வேகப் பயிற்சிகளை அளந்த தூரத்தில் நேரத்தை மட்டும் பார்த்துச் செய்வதும் நல்லது. தடகள ஓடுபாதையில் அதற்கென உள்ள முறையைத் தேர்ந்தெடுப்பவர்கள் லேன் எண்ணையும் சரியாகக் கொடுக்க வேண்டும். தரமான 400 மீட்டர் ஓடுபாதையில் மூன்றாவது லேனின் ஒரு சுற்று ஏறத்தாழ 415 மீட்டர்.

42.195 கிலோமீட்டர் மாரத்தானில் கடிகாரம் 42.6 கிலோமீட்டர் காட்டியதும், பாதையை அளந்தவர்கள் தவறிவிட்டார்கள் என்று குறைகூறுவதும் வழக்கமாகிவிட்டது. சான்றளிக்கப்பட்ட பாதைகள், அளவு சரிபார்த்த சைக்கிளைக் கொண்டு, ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் அளக்கப்படுகின்றன. தூரம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக ஆயிரத்தில் ஒரு பங்கும் கூட்டப்படுகிறது. கூட்டத்தில் விலகியும் வளைவுகளில் வெளிப்புறமாகவும் ஓடுபவர் அதைவிடக் கூடுதலாகவே ஓடுகிறார். ஜிபிஎஸ்ஸின் ஊசலாட்டமும் அதனுடன் சேர்கிறது. இதன் விளைவை முன்கூட்டியே கணக்கில் கொள்ளாதவர்தான் ஏமாறுகிறார். 4 மணி நேரத்தில் முடிக்கக் கிலோமீட்டருக்கு 5:41 தேவை, 42.6 கிலோமீட்டர் காட்டும் கடிகாரத்தில் அதே 5:41-ஐக் கடைப்பிடித்தால், எல்லைக்கோட்டை அடைவதற்கு 2 நிமிடத்துக்கும் மேல் தாமதமாகும். தானாக விழும் லேப்பை அணைத்துவிட்டு, வழியிலுள்ள ஒவ்வொரு கிலோமீட்டர் பலகையிலும் லேப் பொத்தானைத் தாமே அழுத்துவது இதற்கு எளிய தீர்வு.

சிக்னல் மங்கும் அடர்ந்த மரநிழலில், ஓடிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் நின்றுவிட்டதாகத் தானியங்கி இடைநிறுத்தம் கருதிவிடலாம். அங்கே அதை அணைத்துவைப்பது நல்லது.

கடிகாரமே பழுது என்று ஒரே ஓட்டத்தை வைத்து முடிவுகட்டுவதும் தவறு. செயற்கைக்கோள்களின் அமைவு மணிக்கு மணி மாறுவதால், தூரம் தெரிந்த ஒரு திறந்தவெளிப் பாதையில் வெவ்வேறு நாள்களில், வெவ்வேறு நேரங்களில் ஓடிப் பார்க்க வேண்டும். பிழை ஒருநாள் கூடியும் ஒருநாள் குறைந்தும் வந்தால் அது ஜிபிஎஸ்ஸின் இயல்பு. எப்போதும் ஒரே பக்கமாக, கணிசமான அளவில் வந்தால், முதலில் மென்பொருளைப் புதுப்பித்துப் பார்த்து, அப்போதும் மாறாவிட்டால் தயாரித்த நிறுவனத்திடம் அந்தப் பதிவுகளோடு முறையிடலாம்.