ஹாஸ்டல் மெஸ் பில்லைப் படிப்பது எப்படி? முதலாமாண்டு மாணவர்களுக்கு

ஹாஸ்டலில் சேர்ந்த முதல் மாதம் முடிந்ததும் நோட்டீஸ் போர்டில் மெஸ் பில் ஒட்டுவார்கள். ஆளாளுக்கு ரூம் நம்பரைத் தேடி, கடைசிக் கட்டத்தில் உள்ள தொகையைப் பார்த்து, "இந்த உப்புமாவுக்கா இவ்வளவு?" என்று அலுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கொஞ்சம் நில்லுங்கள். அந்தத் தொகைக்கு இடப்பக்கம் இருக்கும் கட்டங்களில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் உங்கள் மெஸ் எந்த வகை என்று சீனியரிடம் கேளுங்கள். காண்ட்ராக்ட் மெஸ் என்றால் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று முன்பே பேசி முடித்திருப்பார்கள். நாள் கணக்கு சரியா என்று பார்த்தால் போதும். அரசு நடத்தும் ஆதிதிராவிடர் நல விடுதி (2025-இல் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள்) என்றால் உணவுச் செலவு அரசுடையது (கல்லூரி மாணவருக்கு மாதம் 1,100 ரூபாயாக இருந்ததை 2023-இல் 1,500 ஆக்கினார்கள்). மூன்றாவது, டிவைடிங் மெஸ். மாதச் செலவை மாணவர்களே பங்கு போட்டுக்கொள்வது. குழப்பமெல்லாம் இதில்தான், அதனால் இதையே பார்ப்போம்.

அடுத்து, ஒரு நாள் ரேட் எப்படி வந்தது என்று போட்டுப் பாருங்கள். மாதத் தொடக்கத்தில் ஸ்டோர் ரூமில் இருந்த சரக்கு 1,10,000 ரூபாய். அந்த மாதம் வாங்கிய அரிசி, பருப்பு, காய்கறி, பால், கேஸ் 6,40,000. மாதக் கடைசியில் மீந்த சரக்கு 90,000. முதல் இரண்டையும் கூட்டி மீந்ததைக் கழித்தால் 6,60,000. இதுதான் சாப்பிட்ட செலவு. மாணவர்கள் 200 பேர், 30 நாள், ஆக 6,000 சாப்பாட்டு நாட்கள். ஊருக்குப் போனவர்கள், சாப்பிடாத நாட்களைக் கழிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்த ரிடக்‌ஷன் 500 நாட்கள் என்றால் மிச்சம் 5,500. வகுத்தால் நாளுக்கு 120 ரூபாய். (எண்கள் கணக்குப் புரிவதற்காக நான் போட்டவை.)

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த 500 நாட்களுக்கும் யாரும் ரிடக்‌ஷன் எழுதாமலே ஊருக்குப் போயிருந்தால், அதே செலவை 6,000-ஆல் வகுப்பார்கள். ரேட் 110 ஆகிவிடும். அதாவது, எழுதாமல் போனவன் சாப்பிடாத சோற்றுக்கும் காசு கட்டி, இருந்தவர்களுக்குப் பத்து பத்து ரூபாய் மிச்சம் பிடித்துக் கொடுக்கிறான். பொங்கல் மாதத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர். பாதிப் பேர் எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள், ஆனால் அடுப்பும் கேஸும் பாதியாகக் குறையாது. ரேட் ஏறும். உடனே மெஸ் ரெப்பை (மெஸ்ஸைக் கவனிக்கும் மாணவர் பிரதிநிதி) திருடன் என்று சொல்லிவிடாதீர்கள்.

மூன்றாவது வேலை, ரிடக்‌ஷன் விதியை மனப்பாடம் செய்வது. குறைந்தது எத்தனை நாள் தொடர்ந்து போக வேண்டும், எத்தனை நாள் முன்னால் எழுத வேண்டும், யார் கையெழுத்து வேண்டும் என்பதெல்லாம் ஹாஸ்டலுக்கு ஹாஸ்டல் மாறும். நான் முதல் வருடம் பஸ் ஏறப் போகும்போது, தோளில் பையோடு நோட்டில் எழுதிவிட்டுப் போனேன். முந்தின நாளே எழுதியிருக்க வேண்டுமாம். வீட்டில் அம்மா கையால் சாப்பிட்ட ஆறு நாளுக்கும் மெஸ்ஸுக்குப் பணம் கட்டினேன். அப்புறம் நோட்டில் எழுதியதை போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

இப்போது உங்கள் வரிசையைப் படியுங்கள். உதாரணமாக, ஊருக்குப் போன ஆறு நாள் கழிந்து 24 நாள், 120 வீதம் 2,880. எஸ்டாப்ளிஷ்மென்ட் என்ற கட்டத்தில் 600 இருக்கும். சமையல்காரர்கள் சம்பளம் போன்றவை. பெரும்பாலும் நீங்கள் ஊரில் இருந்தாலும் இது குறையாது. எக்ஸ்ட்ரா கட்டத்தில் ஞாயிறு சிக்கன் டோக்கன், ஆம்லெட், நண்பன் வந்தபோது வாங்கிய கெஸ்ட் டோக்கன் எல்லாம் சேர்ந்து 160. மொத்தம் 3,640. தப்பு நடந்தால் பெரும்பாலும் இந்த எக்ஸ்ட்ராவில்தான் நடக்கும், ரூம் நம்பரை மாற்றி எழுதிவிடுவார்கள்.

சேரும்போது கட்டிய மெஸ் டெபாசிட் ரசீதைத் தொலைக்காதீர்கள்; ஹாஸ்டலைக் காலி செய்யும்போது கேட்பார்கள்.

ரேட்டில் சந்தேகம் வந்தால் கேட்க வேண்டியது ஸ்டாக் நோட்டு. மீந்த சரக்கைக் குறைத்து எழுதினால் அந்த மாத ரேட் தானாக ஏறிவிடும். அதனால் மாதக் கடைசி ராத்திரி மெஸ் கமிட்டி மூட்டை எண்ணும்போது நீங்களும் போய் நில்லுங்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள், டீயும் கிடைக்கும்.