கைப்பேசியில் எடுத்த படம் சாய்ந்து வருகிறதா? நேராக்கும் முறை

கல்லூரிச் சேர்க்கைக்கான விண்ணப்பங்கள் தொடங்கிவிட்டால் கடலூரின் இ-சேவை மையங்களிலும் பிரவுசிங் சென்டர்களிலும் ஒரு கேள்வி தவறாமல் எழும்: "அண்ணே, என் போன்ல நேராத்தான் இருக்கு, இங்க மட்டும் ஏன் படுத்துக்கெடக்கு?" மதிப்பெண் சான்றிதழையோ சாதிச் சான்றிதழையோ கைப்பேசியில் படம் பிடித்து வந்த மாணவர், அது கணினித் திரையில் பக்கவாட்டில் கிடப்பதைப் பார்த்துக் குழம்பி நிற்பார். பின்னால் வரிசை நீள்வதால் அப்படியே பதிவேற்றிவிடச் சொல்பவர்களும் உண்டு. அதை மட்டும் செய்ய வேண்டாம். கழுத்தைச் சாய்த்துப் படிக்க வேண்டிய சான்றிதழைச் சரிபார்ப்பவர் திருப்பி அனுப்பிவிட்டால் அலைச்சல் உங்களுக்குத்தான். சரி செய்யும் வேலையோ ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும். கைப்பேசிக்குப் புதியவர்களும் தாமாகவே செய்துகொள்ளும் வகையில் அந்த வேலையை இங்கே விளக்குகிறேன்.

முதலில், கோளாறு எங்கே என்று கண்டுபிடியுங்கள்

திரை திரும்புவது வேறு, படம் திரும்பியிருப்பது வேறு. கைப்பேசியைச் சாய்த்தால் திரையும் கூடவே சாய்வது ஆட்டோ ரொட்டேட் என்னும் அமைப்பின் வேலை. அதை நிறுத்தி வைத்திருப்பதால்தான் படங்கள் சாய்ந்து பதிவாகின்றன என்று பலர் நம்புகிறார்கள்; பெரும்பாலான கைப்பேசிகளில் அது உண்மையில்லை. திரை பூட்டப்பட்டிருந்தாலும், எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்பதைக் கேமரா தனியாக அறிந்து குறித்துக்கொள்கிறது.

ஆகவே கைப்பேசியை வழக்கம்போல் நெட்டுவாக்கில் பிடித்துக்கொண்டு கேலரியைத் திறந்து, படத்தைப் பெரிதாக்காமல், வரிசையாகத் தெரியும் சிறு படங்களுக்கு நடுவே உங்கள் படம் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். சிறு படம் நேராக இருந்து, பெரிதாக்கிக் கைப்பேசியைத் திருப்பும்போது மட்டும் அது ஓடினால், படத்தில் குறையேதும் இல்லை. மேலிருந்து திரையை இழுத்து ஆட்டோ ரொட்டேட்டை நிறுத்தினால் போதும். சிறு படமே சாய்ந்திருந்தால், படம் எடுக்கும்போதே திசை தவறாகப் பதிவாகிவிட்டது என்று பொருள். சிறு படம் நேராக இருந்தும் கணினியிலோ விண்ணப்பத் தளத்திலோ சாய்ந்து தெரிந்தால், கைப்பேசி சரியாகக் குறித்ததை அந்த இடம் படிக்கவில்லை என்று பொருள். இந்த மூன்றில் உங்களுடையது எது என்று தெரியாமல் திருப்பத் தொடங்கினால், ஓரிடத்தில் நேரானது இன்னோரிடத்தில் சாயும்.

சாய்வதற்குக் காரணம் என்ன?

கைப்பேசிக் கேமராவுக்குள் ஒளியைப் படமாகப் பதியும் உணரி (சென்சார்) பொதுவாகப் படுக்கைவாக்கில் பொருத்தப்பட்டிருக்கிறது. நீங்கள் கைப்பேசியை நெட்டுவாக்கில் பிடித்துப் படமெடுத்தாலும், உணரி படித்த புள்ளிகள் (பிக்சல்கள்) பெரும்பாலும் பக்கவாட்டில்தான் சேமிக்கப்படுகின்றன. அதோடு "இதை வலப்புறமாக 90 டிகிரி திருப்பிக் காட்டு" என்று ஒரு சிறு குறிப்பு கோப்புக்குள் எழுதப்படுகிறது. பண்ருட்டியிலிருந்து லாரியில் ஏறும் முந்திரிப் பெட்டியின் மேல் "இந்தப் பக்கம் மேலே" என்று அம்புக்குறி அச்சிட்டிருப்பார்களே, அதைப் போன்றது இது. பெட்டியை இறக்குபவர் அம்பைப் பார்த்தால் நேராக வைப்பார். பார்க்காவிட்டால் கைக்கு வந்தபடி வைத்துவிட்டுப் போவார்.

இந்தக் குறிப்பு, 1995ஆம் ஆண்டு ஜப்பானில் வெளியிடப்பட்ட எக்ஸிஃப் என்னும் தரத்தின்படி எழுதப்படுவது. திசைக்கென்று அதில் 1 முதல் 8 வரை எண்கள் உண்டு. 1 என்றால் திருப்பத் தேவையில்லை. 3 என்றால் தலைகீழாக இருப்பதை 180 டிகிரி திருப்ப வேண்டும். 6 என்றால் வலப்புறமாக 90 டிகிரி. 8 என்றால் இடப்புறமாக 90 டிகிரி. மற்ற நான்கும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிய படங்களுக்கானவை. இன்றைய கைப்பேசிகள் இந்தக் குறிப்பை ஒழுங்காகப் படிக்கின்றன. விண்டோஸ் 7 கணினியில் இருந்த படம் பார்க்கும் மென்பொருள் படிக்காது. குரோம் உலாவியே 2020இல்தான் எல்லா இணையப் பக்கங்களிலும் இதைத் தானாக மதிக்கத் தொடங்கியது. பழைய மென்பொருளில் இயங்கும் விண்ணப்பத் தளங்கள் சில இன்னும் இதைக் கண்டுகொள்வதில்லை. ஒரே படம் ஓரிடத்தில் நின்றும் இன்னோரிடத்தில் கிடந்தும் தெரிவதன் காரணம் இதுதான்.

சாய்ந்த படத்தைத் திருப்புவது

ஆண்ட்ராய்டு கைப்பேசி என்றால் கூகுள் போட்டோஸ் செயலியில் படத்தைத் திறந்து, கீழே உள்ள எடிட் பொத்தானைத் தொடுங்கள். அடுத்து கிராப் என்பதற்குச் செல்லுங்கள். அங்கே வளைந்த அம்புக்குறியோடு ஒரு சிறு சதுரம் தெரியும். அதுதான் திருப்பும் பொத்தான். ஒரு முறை தொட்டால் படம் 90 டிகிரி திரும்பும். எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கவலைப்பட வேண்டாம். படம் நேராக நிற்கும் வரை தொடுங்கள், தவறி நான்கு முறை தொட்டால் தொடங்கிய நிலைக்கே வந்துவிடும். பிறகு சேவ் கொடுங்கள். தனிப் பிரதியாகச் சேமிக்கும் வழியும் அங்கே காட்டப்பட்டால், சான்றிதழ்களுக்கு அதையே தேர்ந்தெடுங்கள். மூலப்படம் கைபடாமல் இருக்கும். செயலியின் பதிப்பு மாறும்போது பொத்தான்கள் சற்று இடம் மாறும், அப்போதும் எடிட், கிராப், வளைந்த அம்பு என்ற வரிசையில் தேடுங்கள்.

ஐபோனிலும் வழி ஏறத்தாழ இதுவே. போட்டோஸ் செயலியில் எடிட், அதில் கிராப், அதற்குள் வளைந்த அம்பு உள்ள சதுரம், இறுதியில் டன். பின்னால் மனம் மாறினால் அதே படத்தை மீண்டும் எடிட்டில் திறந்து ரிவர்ட் கொடுத்தால் பழைய படம் திரும்பக் கிடைக்கும்.

காகிதங்களைப் படமெடுக்கும்போது

படம் எடுக்கும்போதே திசை தவறுவது பெரும்பாலும் ஒரே சூழலில்தான். சான்றிதழையோ பட்டாவையோ மேசையில் பரப்பி வைத்து, கைப்பேசியை அதற்கு நேர் மேலே தரையைப் பார்த்தபடி பிடிக்கிறோம். எந்தப் பக்கம் கீழ் என்பதை அக்சிலரோமீட்டர் என்னும் உணரி புவியீர்ப்பைக் கொண்டுதான் அறிகிறது. கைப்பேசி நிமிர்ந்திருக்கும்போது ஈர்ப்பு அதன் ஏதாவது ஓர் ஓரத்தை நோக்கி இழுக்கும். அந்த ஓரமே கீழ்ப்பக்கம் என்று கேமரா எடுத்துக்கொள்ளும். கைப்பேசி மல்லாந்தோ குப்புறவோ கிடைமட்டமாக இருக்கும்போது ஈர்ப்பு திரையின் ஊடாக நேராக இறங்குகிறது. நான்கு ஓரங்களில் எதுவும் கீழ்ப்பக்கம் இல்லை. அப்போது கேமரா கடைசியாக அறிந்த திசையையே வைத்துக்கொள்ளும். அது வேறாக இருந்தால் சான்றிதழ் சாய்ந்துதான் பதிவாகும்.

இதைத் தவிர்க்க நான் எல்லோருக்கும் சொல்லும் வழி இது. சான்றிதழ் நெட்டுவாக்கில் அச்சிட்டதா, படுக்கைவாக்கில் அச்சிட்டதா என்று பார்த்து, அதன் எழுத்துகள் உங்களுக்கு நேராக இருக்கும்படி மேசையில் வையுங்கள். கேமராவைத் திறந்து, சான்றிதழுக்கு ஏற்றபடி கைப்பேசியை நெட்டுவாக்கிலோ படுக்கைவாக்கிலோ முகத்துக்கு எதிரே நிமிர்த்திப் பிடியுங்கள். இப்போது திரையில் உள்ள ஃபிளாஷ் சின்னத்தைக் கவனியுங்கள். கைப்பேசியை எப்படிப் பிடிக்கிறீர்களோ அதற்கேற்ப அந்தச் சின்னம் சுழன்று நேராக நிற்கும். சின்னம் உங்கள் கண்ணுக்கு நேராக நின்றால் கேமரா திசையைச் சரியாக அறிந்துவிட்டது. அதன் பிறகு கைப்பேசியின் மேல் விளிம்பை மட்டும் முன்னோக்கிச் சாய்த்து, பக்கவாட்டில் திருப்பாமல், மெல்லக் காகிதத்தின் மேல் இறக்குங்கள். பொத்தானை அழுத்துவதற்கு முன் இன்னொரு முறை அந்தச் சின்னத்தைப் பாருங்கள். இறக்கும் வேகத்தில் அது சுழன்றிருந்தால் மீண்டும் நிமிர்த்தி இறக்குங்கள். படமெடுத்த பின் திருப்புவதைவிட இந்தச் சில நொடிப் பொறுமை மேலானது, ஏனென்றால் பத்துச் சான்றிதழ்களை ஒரே மூச்சில் எடுப்பவருக்குப் பத்தும் ஒரே திசையில் தவறியிருக்கும்.

பதிவேற்றும் இடத்தில் மட்டும் சாய்ந்தால்

குறிப்பைப் படிக்காத தளத்துக்குக் குறிப்பே தேவைப்படாத படத்தைக் கொடுக்க வேண்டும். அதாவது புள்ளிகளே நேராக அடுக்கப்பட்ட கோப்பு வேண்டும். கூகுள் போட்டோஸில் கிராப் பகுதிக்குச் சென்று நான்கு ஓரங்களிலும் காகிதத்துக்கு வெளியே தெரியும் மேசைப் பரப்பை வெட்டிவிட்டுப் புதிய பிரதியாகச் சேமியுங்கள். வெட்டிய படம் புதிதாக எழுதப்படும்போது பொதுவாகப் புள்ளிகள் நேராகவே எழுதப்படும். மேசை மறைந்து சான்றிதழ் மட்டும் நிற்பது கூடுதல் நன்மை.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லும் பழக்கமும் இருக்கிறது. அதில் திசைச் சிக்கல் வராது என்பது உண்மைதான், ஆனால் 4000க்கு 3000 புள்ளிகள் கொண்ட படத்தை நெட்டுவாக்கில் நிறுத்தி, 1080 புள்ளி அகலமுள்ள திரையில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால், 3000 புள்ளி அகலம் 1080ஆகச் சுருங்குகிறது. சான்றிதழின் பொடி எழுத்துகளும் முத்திரையும் மங்கிவிடும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் செய்யுங்கள்.

வாட்ஸ்அப்பில் பிரவுசிங் சென்டருக்கு அனுப்புபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிப் புதிதாக எழுதுகிறது. பழைய குறிப்புகள் உதிர்ந்துவிடும், தெளிவும் குறையும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் தெளிவு குறையாது, குறிப்பும் அப்படியே போய்ச் சேரும். எனவே மேலே சொன்னபடி வெட்டிச் சேமித்த பிரதியை டாக்குமென்ட்டாக அனுப்புவதே நல்லது. எந்த வழியில் அனுப்பினாலும், இறுதியாகச் சமர்ப்பிக்கும் முன் விண்ணப்பத்தின் முன்னோட்டப் பக்கத்தில் ஒவ்வொரு படத்தையும் திறந்து பார்த்துவிடுங்கள்.

சற்றே சாய்ந்த கடல்

இனி 90 டிகிரி அல்லாத சாய்வு. தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் சூரிய உதயத்தைப் படமெடுப்பவர்கள் வானத்தின் நிறத்தில் மனதைப் பறிகொடுத்துவிடுவதால், கடல் ஒரு பக்கமாக வழிந்தோடுவதுபோல் அடிவானக் கோடு சாய்ந்திருப்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனிக்கிறார்கள். இதற்கும் அதே கிராப் பகுதிதான். படத்துக்குக் கீழே அளவுகோல்போல் ஒரு கோடு இருக்கும். அதை விரலால் மெல்ல நகர்த்தினால் படம் ஒவ்வொரு டிகிரியாகச் சாயும், அப்போது திரையில் கட்டங்களும் தோன்றும். அடிவானக் கோடு ஒரு கட்டக் கோட்டுக்கு இணையாக வந்ததும் நிறுத்திச் சேமியுங்கள்.

ஆனால் இந்தத் திருத்தம் இலவசமாகக் கிடைப்பதில்லை. செவ்வகப் படத்தைச் சாய்த்தால் மூலைகள் வெறுமையாகிவிடும். அதை மறைக்கச் செயலி ஓரங்களை வெட்டுகிறது. நான்குக்கு மூன்று என்ற அளவுள்ள படத்தை அதே விகிதத்தில் வைத்துக்கொண்டு 5 டிகிரி சாய்த்தாலே பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஓரத்தில் நிற்கும் கட்டுமரமோ குழந்தையின் கையோ அதோடு போகும். ஆகவே கேமரா செட்டிங்ஸில், எடுக்கும்போதே திரையில் கட்டக் கோடுகளைக் காட்டும் கிரிட் லைன்ஸ் என்பதை இயக்கி வையுங்கள்; ஐபோனில் கேமரா செட்டிங்ஸில் கிரிட் என்று இருக்கும், ஐஓஎஸ் 17 முதல் லெவல் என்ற மட்டக்கோடும் தனியாக உண்டு. எடுக்கும்போதே மட்டம் பார்ப்பவருக்குப் பின்னால் வெட்ட வேண்டிய தேவை வராது.

அடிவானம் தெரியாத படங்களில் செங்குத்தான ஒன்றை அளவாகக் கொள்ளுங்கள். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கல்தூண்கள் இதற்கு நல்ல உதாரணம். படத்தின் நடுவில் உள்ள தூணையே பாருங்கள். கேமராவை அண்ணாந்து பிடிக்கும்போது ஓரத் தூண்கள் இயல்பாகவே உட்புறம் சாயும், அவற்றை நேராக்கப் போனால் மற்றவை கோணிவிடும். திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயிலின் கோபுரத்தை அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் அது பின்னோக்கிச் சாய்ந்ததுபோல் தெரிவதும் இதனால்தான். சன்னதித் தெருவில் சற்றுப் பின்னால் வந்து எடுங்கள். அது முடியாவிட்டால் ஐபோனின் கிராப் பகுதியில் வெர்ட்டிகல் என்னும் தனிக் கோடு இருக்கிறது. கொஞ்சமாக நகர்த்துங்கள், அதிகமானால் கோபுரம் மேலே விரிந்து இயல்பு கெடும்.

செல்ஃபியும் வீடியோவும்

செல்ஃபியில் பின்னால் உள்ள கடைப்பலகையின் எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தால், அதைத் திருப்பும் பொத்தானால் சரி செய்ய முடியாது. ஐபோனின் கேமரா செட்டிங்ஸில் மிரர் ஃபிரண்ட் கேமரா என்பதை நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டில் கைப்பேசிக்குக் கைப்பேசி பெயர் மாறும், செல்ஃபியை முன்னோட்டத்தில் தெரிந்தபடியே சேமிப்பதா என்று கேட்கும் அமைப்பைத் தேடி நிறுத்துங்கள். விண்ணப்பங்களுக்கு ஒட்டும் முகப்படத்தில் இது முக்கியம், மச்சமும் தலைவகிடும் பக்கம் மாறிவிடக் கூடாது.

வீடியோவில் பதிவுப் பொத்தானை அழுத்தும் நொடியில் கைப்பேசி எப்படி இருந்ததோ அதுவே முழு வீடியோவுக்கும் திசையாகிவிடும். மாசிமகத் தீர்த்தவாரியை நெட்டுவாக்கில் எடுக்கத் தொடங்கி, கூட்டம் முழுவதும் தெரிய வேண்டுமென்று நடுவில் படுக்கைவாக்குக்குத் திருப்பினால், அந்த இடத்திலிருந்து சாமியும் கூட்டமும் பக்கவாட்டில் கிடக்கும். பதிவை நிறுத்தி, கைப்பேசியைத் திருப்பி, சின்னங்கள் சுழன்று நின்ற பிறகு புதிதாகத் தொடங்குங்கள். ஏற்கெனவே தொடக்கம் முதலே சாய்ந்து பதிவான வீடியோ என்றால் கூகுள் போட்டோஸில் அதைத் திறந்து, படத்துக்குச் செய்ததுபோலவே எடிட், கிராப் வழியாகத் திருப்பிச் சேமிக்கலாம். நடுவில் திசை மாறிய வீடியோவை, மாறிய இடத்தில் இரண்டு துண்டாக வெட்டி, இரண்டாவது துண்டை மட்டும் திருப்ப வேண்டும்.