ப்ரொஃபைலரின் கூறுகளைத் தளர்வாகப் பிணைப்பது எப்படி?

ஒரு நிரல் எங்கே நேரத்தைச் செலவிடுகிறது என்பதை, அவ்வப்போது மாதிரி எடுத்து அளக்கும் கருவியே சாம்ப்ளிங் ப்ரொஃபைலர். ஓடிக்கொண்டிருக்கும் நிரலிலிருந்து மாதிரி எடுத்தல், கிடைத்த முகவரிகளுக்கு உரிய செயல்கூறுகளின் பெயர்களைக் கண்டறிதல், ஒரே மாதிரியான அழைப்புத் தொடர்களை எண்ணித் தொகுத்தல், திரையில் காட்டுதல் ஆகிய நான்கு வேலைகளை அது செய்கிறது. இவற்றைத் தனித்தனிக் கூறுகளாக எழுத வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால் பிற மென்பொருள்களில் செய்வதைப் போல நடுவில் ஓர் இன்டர்ஃபேஸை வைத்து, மாதிரி விழும்போதெல்லாம் மற்றக் கூறுகளை அழைத்தால், அந்த அழைப்புகளுக்கு ஆகும் நேரமும் அளவீட்டில் கலந்துவிடும். ஆகவே இங்கே எல்லைக்கோடாக இருக்க வேண்டியது தரவின் வடிவமே.

மாதிரி எடுக்கும் கூறிலிருந்து தொடங்குங்கள். பல ப்ரொஃபைலர்களில் இது சிக்னல் ஹேண்ட்லருக்குள், அதாவது நிரலை இடைமறித்து ஓட்டப்படும் செயல்கூறுக்குள், ஓடுகிறது. அங்கே நினைவகம் ஒதுக்கவோ பூட்டுக்காகக் காத்திருக்கவோ கூடாது, ஏனெனில் இடைமறிக்கப்பட்ட த்ரெட்டே அந்தப் பூட்டை வைத்திருந்தால் நிரல் அப்படியே உறைந்துவிடும். எனவே இந்தக் கூறுக்கு முன்கூட்டியே ஒதுக்கப்பட்ட ரிங் பஃபர் (சுழற்சி முறையில் மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் நினைவகப் பகுதி) ஒன்றைத் தவிர வேறெதுவும் தெரிய வேண்டியதில்லை. வெறும் முகவரிகள், த்ரெட் எண், நேரம் ஆகியவற்றை அதில் எழுதினால் போதும். பஃபர் நிரம்பியிருந்தால் மாதிரியை விட்டுவிட்டு, விடுபட்டவற்றின் எண்ணிக்கையைக் கூட்டி, அதையும் ஒரு பதிவாக அனுப்புங்கள். லினக்ஸின் பெர்ஃப் கருவியும் இழந்த மாதிரிகளுக்கெனத் தனிப் பதிவு வகை வைத்திருக்கிறது.

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் வகையும் நீளமும் இருக்கட்டும். அப்போதுதான் பழைய வாசிப்பான் தனக்குத் தெரியாத வகையைத் தாண்டிச் செல்ல முடியும்.

பலரும் சறுக்குவது பெயர் கண்டறியும் இடத்தில்தான். முகவரி இட அமைப்பு ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறக்கூடியது என்பதால், எந்தக் கோப்பு எந்த முகவரியில் ஏற்றப்பட்டது, அதன் பில்ட் ஐடி (கோப்பின் குறிப்பிட்ட பதிப்பை அடையாளம் காட்டும் குறியீடு) என்ன என்பவையும் அதே பதிவுகளோடு சேர்ந்து வர வேண்டும். அவை இல்லையென்றால் பெயர் கண்டறியும் கூறு ஓடும் நிரலையே கேட்க நேரும். நாம் அறுத்த பிணைப்பு கொல்லைப்புறமாக மீண்டும் நுழைந்துவிடும். அவை இருந்தால், பிழைத்திருத்தத் தகவல் உள்ள வேறொரு கணினியில், நிரல் முடிந்து பல நாள்கள் கழித்தும் பெயர்களைக் கண்டறியலாம்.

தொகுப்புக்கும் காட்சிக்கும் நடுவே எளிய உரை வடிவமே போதும். பிரெண்டன் கிரெக் 2011இல் உருவாக்கிய ஃபிளேம் கிராஃபில் (அழைப்புத் தொடர்களை அடுக்கடுக்கான பட்டைகளாகக் காட்டும் படம்), அழைப்புத் தொடரை அரைப்புள்ளிகளால் பிரித்து, இறுதியில் எண்ணிக்கையை எழுதும் வரிகளே உள்ளீடு:

மெயின்;கோப்பை_வாசி;வரியைப்_பிரி 42

வரையும் நிரலுக்கு இந்த வரிகள் பெர்ஃபிலிருந்து வந்தனவா, டிடிரேஸ் என்ற வேறொரு கருவியிலிருந்து வந்தனவா என்பது தெரியாது. காட்சிக் கூறில் எண்ணிக்கையை நேரமாக மாற்றுவதாயிருந்தால், நொடிக்கு எத்தனை மாதிரிகள் என்பதையும் தரவோடு அனுப்புங்கள். 100 என்று அங்கேயே எழுதி வைத்துவிட்டால், வேறொருவர் வேகத்தை 99 ஆக்கும் நாளில் எல்லா நேரங்களும் சத்தமின்றிப் பிழையாகும்.

பிரிப்பு சரியா என்று பார்க்க, பதிவான கோப்பு ஒன்றையும் அதற்குரிய பைனரிகளையும் சோதனைத் தொகுப்பில் வைத்து, மாதிரி எடுக்கும் கூறைக் கம்பைல் செய்யாமலேயே மற்ற மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். எங்கே இணைப்புப் பிழை (லிங்கர் பிழை) வருகிறதோ, அங்கே இன்னும் ஒரு முடிச்சு அவிழாமல் இருக்கிறது.