இரண்டாவது கருவுக்காக ஊருக்குப் போகிறீர்களா? டிக்கெட்டைக் கொஞ்சம் பொறுத்துப் போடுங்கள்

முதல் பிள்ளை ஐ.வி.எஃப். (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை) மூலம் பிறந்தாள். நாங்கள் இருப்பது வெளிநாட்டில். மீதிக் கருக்கள் தமிழ்நாட்டிலேயே உறைநிலையில் இருந்தன. ‘லீவுக்கு எப்படியும் ஊருக்குப் போகிறோம், அப்படியே கரு வைப்பதையும் முடித்துக்கொண்டு வந்துவிடலாம்’ என்று மூன்று வாரத்துக்கு டிக்கெட் போட்டோம். இறங்கிப் பத்து நாள் கழித்துத்தான் எனக்கு மாதவிலக்கு வந்தது. சொந்தக்காரர் வீடுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பியதுதான் மிச்சம்.

எனவே முதலில் நாள் கணக்கு. உறைந்த கருவை வைப்பதென்றால் வழக்கமாக மாதவிலக்கின் இரண்டாம் நாள் ஸ்கேன், அதையொட்டி கருப்பை உட்சுவரை வளர்க்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மாத்திரை. பத்துப் பன்னிரண்டு நாளில் கருப்பை உட்சுவரின் தடிமனைப் பார்ப்பார்கள். போதுமான அளவு இருந்தால், கரு ஒட்டிக்கொள்ள உட்சுவரைத் தயார்செய்யும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் தொடங்கும். ஐந்து நாள் வளர்ந்த கரு என்றால் அது தொடங்கிய ஆறாம் நாள் வைப்பார்கள். கர்ப்பமா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை அதற்கப்புறம் 9 முதல் 14 நாளில். உட்சுவர் வளரத் தாமதமானால் இன்னும் சில நாள் இழுக்கும். ஆக, மாதவிலக்கிலிருந்து எண்ணி ஒரு மாதம், முன்னும் பின்னும் ஒவ்வொரு வாரம். கரு மிச்சமில்லாமல் முட்டை எடுப்பதிலிருந்து தொடங்குபவர்களுக்கு முட்டையை வளர்க்கும் ஊசி மட்டுமே பத்துப் பன்னிரண்டு நாள். தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வீணல்ல. முதல் ஸ்கேன்களை நீங்கள் வசிக்கும் ஊரிலேயே எடுத்து அனுப்பலாமா என்றும் கேளுங்கள். ஒத்துக்கொண்டால் பாதி நாள் மிச்சம்.

அப்புறம், இது முதல் தடவை போலவே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். உடம்பு நடுவில் ஒரு பிரசவத்தைப் பார்த்திருக்கிறது. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தால் பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் அதிகமாக இருக்கும், மாதவிலக்கும் ஒழுங்காக வராது. பால் மறக்க வைத்துச் சில மாதமாவது போகட்டும். ஊருக்குப் போகிற வாரத்தில் மறக்கடிப்பது பிள்ளைக்கும் உங்களுக்கும் கொடுமை. சிசேரியன் என்றால் உள்தையல் இருந்த இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருத்தரிப்புக்கும் 24 மாதம் இடைவெளி விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். வயது கூடியவர்களுக்கு இதில் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பதை மருத்துவரோடுதான் பேச வேண்டும். தைராய்டு, சர்க்கரை (போன கர்ப்பத்தில் சர்க்கரை வந்திருந்தால் கட்டாயம்), புதிதாக முட்டை எடுப்பதானால் ஏ.எம்.எச். (முட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ஆகியவற்றைக் கிளம்பும் முன்பே பார்த்துவிடலாம். ஃபோலிக் அமிலம் மூன்று மாதம் முன்பிருந்தே. கணவருக்கும் புதிய விந்துப் பரிசோதனை வேண்டும். விந்தணு உருவாகிவர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆவதால் போன மாதக் காய்ச்சல்கூட இந்த மாத ரிப்போர்ட்டில் தெரியும்.

இனி காகிதங்கள். பழைய ஃபைலில் எத்தனை கரு, எத்தனையாம் நாளில் உறைய வைத்தது, எந்த மருந்து எந்த அளவில் என்ற விவரம் இருக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தில் கணவன் மனைவி இருவரும் நேரில் கையெழுத்திட வேண்டுமா என்று முன்பே கேளுங்கள். இதைக் கேட்காமல் போய்க் கடைசி நேரத்தில் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். இந்தியாவின் 2021 செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி சிகிச்சைக்குப் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என்று வயது வரம்பு உண்டு. கருவைப் பாதுகாக்கும் காலமும் பத்து ஆண்டுதான். சொந்தக் கருவை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அந்தச் சட்டத்தின் கீழ் உள்ள தேசிய வாரியத்தின் அனுமதி வேண்டும், நினைத்தவுடன் எடுத்துக்கொண்டு வர முடியாது. ‘மூத்தது பெண், இது ஆணாக இருக்கட்டும்’ என்ற பேச்சை மருத்துவமனை வாசலிலேயே விட்டுவிடுங்கள். பாலினத் தேர்வு குற்றம். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களிடம் ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படுவது) இருந்தால் விசா தேவையில்லை. இல்லாதவர்கள் சுற்றுலா விசாவில் போகாமல் மருத்துவ விசா எடுங்கள். இ-மெடிக்கல் விசா 60 நாளுக்கு, அதற்குள் மூன்று தடவை வந்து போகலாம்.

பிள்ளையை என்ன செய்வது? முட்டை எடுக்கும் நாளில் மயக்க மருந்து கொடுப்பார்கள், பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். கரு வைக்கும் நாளில் பொதுவாக மயக்கம் கிடையாது, ஆனால் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும்போது என் மகள் அடிவயிற்றில் ஏறி உட்கார்ந்தாள். அன்றும் ஒருவரைத் துணைக்கு வையுங்கள். கரு வைத்த பிறகு படுத்தே கிடக்கத் தேவையில்லை. ஊசிகளைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கச் சொன்னால் கதவுப் பக்கமோ ஐஸ் பெட்டியை ஒட்டியோ வேண்டாம். உறைந்த மருந்து உதவாது.

ரிசல்ட் வரும் நாளையே விமானம் ஏறும் நாளாக வைக்காதீர்கள். இல்லையென்று வந்தால் அழ இரண்டு நாளாவது வேண்டும், பயணப் பெட்டி கட்டிக்கொண்டே அழ முடியாது. ஆம் என்று வந்தால் புரோஜெஸ்டிரோன் பல வாரம் தொடரும். மருந்தை மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் அன்றைய ராத்திரி மாத்திரைக்கு எங்கே போவது?